பழனிக்குப் பாக்கி நின்ற முடி

ஊசி போடுவதற்கு முன்னால் "வாயை மூடுங்க" என்று சொல்கிற நர்ஸ் பழனி மலைத்தொடரிலேயே பொன்னுத்தாய் ஒருத்திதான். மற்ற நர்ஸுகள் வாயைத் திறக்கச் சொல்வார்கள், நாக்கை நீட்டச் சொல்வார்கள். இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள். அந்த நேரத்தில் பூண்டு விலையைப் பற்றியோ, பக்கத்துக் காட்டுக்காரன் வரப்பை நகர்த்தியதைப் பற்றியோ, மருமகள் செய்த அக்கிரமத்தைப் பற்றியோ யாரும் மூச்சு விடக் கூடாது. விட்டால் நாடியை முதலிலிருந்து எண்ணுவாள். வேண்டுமென்றே அப்படி எண்ணுகிறாள் என்று சொல்பவர்களும் வடகவுஞ்சியில் உண்டு. அவர்களும் காய்ச்சல் வந்தால் அவளிடம்தான் போகிறார்கள்.

இந்த அதிகாரத்துக்காக ஒரு தலை முடி போயிற்று. அது யாருடைய கடனுக்காகப் போன முடி என்பதில்தான் அந்தக் குடும்பத்துக்கு இன்றுவரை தெளிவில்லை.

விஷயம் அவளுடைய அப்பா சின்னச்சாமியிடமிருந்து தொடங்குகிறது. வடகவுஞ்சியில் பூண்டு போடுகிற குடியானவர். நல்ல மனிதர். கடுமையாக உழைப்பார், அதைவிடக் கடுமையாகப் பேசுவார். களை எடுக்கும்போது பேசுவார், சாப்பிடும்போது பேசுவார், தூங்கும்போதுகூடப் பாதி வாக்கியம் வந்து விழும். ஒருநாள் கொடைக்கானல் சந்தைக்குப் பூண்டு கொண்டுபோன இடத்தில் வழுக்கி விழுந்து முழங்காலைப் பேர்த்துக்கொண்டார். மகள் பொன்னுத்தாய்தான் கூடப் போயிருந்தாள். பக்கத்திலிருந்த தர்ம ஆஸ்பத்திரிக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். அங்கே வெள்ளைச் சேலை கட்டிய ஒரு நர்ஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். சின்னச்சாமி தாம் விழுந்த கதையைத் தம் தாத்தா காலத்திலிருந்து ஆரம்பித்தார்.

"பேசாதீங்க" என்றாள் நர்ஸ், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

சின்னச்சாமி பேசவில்லை. அரை நிமிஷம் முழுசாகப் பேசவில்லை. பொன்னுத்தாய் அந்த அமைதியில் சுவரில் ஒரு பல்லி நகர்கிற சத்தத்தைக் கேட்டாள். பிறந்ததிலிருந்து அப்பா பக்கத்தில் இருக்கும்போது அவள் பல்லிச் சத்தம் கேட்டதே இல்லை. நர்ஸாக வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டாள். சேவை, தியாகம் என்பதையெல்லாம் அவள் அப்புறம்தான் கேள்விப்பட்டாள்.

அதற்கு வழி சொன்னவர் தாய்மாமன் அழகுமலை. கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் பட்லர். எட்டாம் வகுப்புப் பாஸ் செய்த பெண்களைக் கீழே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு எடுக்கிறார்கள், தங்க இடமும் சாப்பாடும் உண்டு, ஆனால் முதலில் ஒரு பரீட்சை வைத்துத்தான் எடுப்பார்கள் என்று அந்த வீட்டு வெள்ளைக்காரம்மாவிடம் கேட்டுவந்து சொன்னார். பொன்னுத்தாய் எட்டாம் வகுப்பு இரண்டாம் தடவையில் பாஸ் செய்தவள். அறுபத்திரண்டாம் வருஷத்தில் வடகவுஞ்சிக் கணக்குப்படி அது பெரிய படிப்பு.

சின்னச்சாமி யோசித்துப் பேசினார், அல்லது பேசிக்கொண்டே யோசித்தார். "ஒரே ஒரு தடவை தாயி. போயி எழுதிட்டு வா. கெடைச்சாப் போ. கெடைக்கலைன்னா வர்ற தையில ஆயக்குடி."

ஆயக்குடி என்றால் மயில்சாமி. கொய்யாத் தோப்புக்காரர் வீட்டுப் பையன், முறை மாப்பிள்ளை. குணத்தில் குறை சொல்ல முடியாது. கோளாறு ஒன்றே ஒன்றுதான். சின்னச்சாமி பேசுவதில் இரண்டு பங்கு பேசுவான். பெண் பார்ப்பதாக வந்த அன்று கொய்யாவில் புழு விழுவதைப் பற்றி அவன் பேசத் தொடங்க, சின்னச்சாமி பூண்டு அழுகலைப் பற்றிப் பேச, இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒருவர் மேல் ஒருவர் உயிரையே வைத்துவிட்டார்கள். அன்று பொன்னுத்தாய் இரண்டு காதுக்கும் போதிய பஞ்சு வீட்டில் இல்லை என்பதைக் கவனித்தாள்.

ஆகவே அந்தப் பரீட்சை அவளுக்கு வாழ்வா சாவா என்கிற விஷயம். அதற்கு எப்படித் தயாராவது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. தெரியாத விஷயத்தில் உதவி செய்ய நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமா?

முதலில் வந்தது போட்டோ. விண்ணப்பத்தில் ஒட்டிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். கொடைக்கானல் ஏரிப் பக்கத்து ஸ்டூடியோக்காரன் இடுப்புக்குக் கீழே தொங்கிய அவள் முடியைப் பார்த்ததும் தொழில் பக்தி பொங்கி, ரெட்டைச் சடை போடவைத்து, இரண்டையும் முன்னால் எடுத்துப் போட்டு, காதோரம் காகிதப் பூ செருகி எடுத்தான். வந்த படத்தில் முக்கால் பங்கு சடை, கால் பங்கு பொன்னுத்தாய். "லேடி மாதிரி இருக்கா" என்றார் அழகுமலை. படம் விண்ணப்பத்தோடு கீழே போய்ச் சேர்ந்தது. அதோடு எல்லாரும் அதை மறந்துபோனார்கள்.

பிறகு பாடம். அழகுமலை சொன்னார்: "டெஸ்ட்டுன்னா பேப்பரும் பேனாவும்னு நெனைக்காத அக்கா. மேனர்ஸ்தான் பாப்பாங்க. தும்முனா சாரி சொல்றாளா, தண்ணியக் குடுத்தா தேங்க்யூ சொல்றாளா, டேபிள்ல எப்படி ஒக்காந்து திங்கிறா, இதத்தான் நோட் பண்ணுவாங்க." தான் வேலை பார்க்கிற வீட்டிலிருந்து ஒரு முள்கரண்டியும் கத்தியும் கொண்டுவந்தார். பொன்னுத்தாய் கேப்பைக் களியில் முள்ளைக் குத்தினாள். முள் கம்பீரமாக நின்றது. வெளியே வரத்தான் மறுத்தது. இழுத்ததில் களி மொத்தமும் தட்டை விட்டு எழுந்து வந்தது. அம்மா முருகம்மாள், "ஏன்டா தம்பி, சீக்காளிக்குக் கஞ்சி ஊத்துறதுக்கு எதுக்குடா கத்தி?" என்று கேட்டதற்கு அவர், "ஸ்டைல்க்கா" என்று முடித்துக்கொண்டார்.

அடுத்தவர் சுவாமிநாதன் வாத்தியார். பழனிக்காரர். மலைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து பெரும்பாலும் மலையிறங்குவதிலேயே பணியாற்றியவர். ஏறி வந்திருந்த நாட்களில் பொன்னுத்தாய்க்குப் பொது அறிவு ஊட்டினார். அணைகள், அவற்றின் கதவுகள், ஐந்தாண்டுத் திட்டங்கள், எந்த மாநிலத்துக்கு எது தலைநகரம்.

"நர்ஸுக்கு எதுக்கு சார் பக்ரா நங்கல்?"

"காய்ச்சல் எங்க வேணும்னாலும் வரும்மா. மொதல்ல தேசத்தோட ஒடம்பத் தெரிஞ்சுக்க. மனுச ஒடம்பு தானா வரும்."

மனித உடம்பையும் அவரே இடையிடையே சொல்லிக் கொடுத்தார். பொன்னுத்தாய் பூண்டுக்கு வேர் நறுக்கிக்கொண்டே எலும்புகளை மனப்பாடம் செய்தாள். அடுப்புப் புகையில் பூண்டுக் கட்டுகளைத் தொங்கவிட்டுக்கொண்டே அணைகளைச் சொன்னாள். தண்ணீர் குடித்துவிட்டுச் செம்புக்குத் தேங்க்யூ சொன்னாள். எல்லாம் தலைக்குள் போயிற்று. தனித்தனியாகத்தான் போகவில்லை.

ஒருநாள் வாத்தியார் சோதனைப் பரீட்சை வைத்தார். வீடே கூடி உட்கார்ந்தது.

"மனுச ஒடம்புல மொத்தம் எத்தனை எலும்பு?"

"முப்பத்தேழு கதவு சார்."

"எலும்பக் கேட்டேன்."

"சாரி சார்." சற்று யோசித்து, "தேங்க்யூ சார்" என்றாள்.

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு எந்த அணைக்கு முப்பத்தேழு கதவு என்று தாமே யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பாதி மார்க் போட்டார்.

இந்த இடத்தில்தான் அத்தை காளியாயி வாயைத் திறந்தாள். சின்னச்சாமிக்கு அக்கா. வடகவுஞ்சியில் சின்னச்சாமியைப் பேசவிடாமல் பேசக்கூடிய ஒரே பிறவி.

"இது படிப்புக் கோளாறு இல்லலே சின்னச்சாமி. பாக்கிக் கோளாறு."

"என்ன பாக்கிக்கா?"

"பழனி பாக்கி."

பொன்னுத்தாய்க்கு மூன்று வயதில் வாந்தியும் காய்ச்சலும் வந்து பிழைக்கமாட்டாள் என்று ஆகிவிட்டதாம். சின்னச்சாமி மலை விளிம்பில் நின்று, கீழே தெரிகிற பழனிக் கோயிலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, முடி காணிக்கை நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது. அப்புறம் மழை வந்தது, பூண்டு எடுப்பு வந்தது, தள்ளிக்கொண்டே போயிற்று. சென்னையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் ஜனங்கள் நடந்துவந்து முடி கொடுக்கிறார்கள். நம் வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற சாமிதானே, எங்கே போய்விடப் போகிறார் என்ற தைரியம் மலைக்காரர்களுக்கு. ரொம்பக் கிட்டத்தில் இருப்பது சாமிக்கு நல்லதல்ல.

"அப்பவே குடுத்திருந்தா நாலு விரக்கடை முடியோட போயிருக்கும்" என்றாள் காளியாயி. "இப்பப் பாரு, இடுப்புக்குக் கீழ கெடக்கு. அவரும் சும்மாவா காத்துக்கிட்டு இருக்காரு? வளரட்டும்னுதான் விட்டுவச்சிருக்காரு. எட்டாங் கிளாஸ்ல ஒருக்க குப்புற விழுந்தாள்ல, அது மொத நோட்டீஸ்."

முருகம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "வயசுக்கு வந்த பிள்ளைக்குப் பூமுடி குடுத்தாப் போதும்ல மதினி? மூணு கத்தை நறுக்கிட்டு விட்டுருவாங்க."

"மூணு கத்தை குடுத்தா மூணு மார்க்குதான் போடுவாரு."

"பரீட்சை முடிஞ்சு வந்து எடுத்துக்கிறேன் அத்தை" என்றாள் பொன்னுத்தாய்.

"பழைய பாக்கிய நிறுத்தி வச்சுட்டு புதுச் சாமான் கேட்டா எந்தக் கடைக்காரன்டி எடுத்துக் குடுப்பான்?" அத்தை தம்பி பக்கம் திரும்பினாள். "ஏலே, நீதான நேந்த. முழுமுடின்னா நேந்த, பூமுடின்னா நேந்த? சொல்லு."

சின்னச்சாமி வாயைத் திறந்தார். அவர் நெற்றியில் ஏதோ ஒரு குழப்பம் ஓடியது. "அது வந்துக்கா, அன்னைக்கு நா என்ன சொன்னேன்னா..." என்று ஆரம்பிப்பதற்குள் காளியாயி, "முழுமுடிதான். ஒங்க மாமாவும் கேட்டாரு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அந்த மாமா, அதாவது அவள் புருஷன், செத்துப் பல வருஷம். சாட்சி பலமாக இருந்தது. சின்னச்சாமி வாயை மூடிக்கொண்டார்.

பொன்னுத்தாய்க்கு எது சரி என்று தெரியவில்லை. கிணற்றடியில் எலும்புகளை எண்ணிப் பார்த்தாள். இடுப்பெலும்பைத் தாண்டியதும் மறுபடி சட்லஜ் நதி ஓடியது. அத்தை சொல்வதுதான் காரணமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்த தலையை யாரும் சுலபமாகச் சவரம் செய்துவிடலாம்.

பரீட்சைக்குப் போகிற வழியில் குதிரைப் பாதையாகப் பழனிக்கு இறங்கினார்கள். அப்பா, மகள், காவலுக்கு அத்தை. அடிவாரத்து மொட்டை மண்டபத்தில் தண்ணீர் தெளித்துக் கத்தி வைத்ததும் இரண்டு சடையும் இரண்டு பாம்பு மாதிரி மடியில் விழுந்தன. தலையில் சந்தனம் அப்பினார்கள். காற்று புதிதாகப் பட்டது. எலும்பு இருநூற்றாறு என்று சட்டென்று நினைவுக்கு வந்தது. "பாத்தியா?" என்றாள் அத்தை. வந்த வேலை முடிந்ததென்று அங்கிருந்தே மலையேறிவிட்டாள்.

மறுநாள் காலை அப்பாவும் மகளும் மிஷன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். ரிப்பன் கட்டிய பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். பொன்னுத்தாய் போய் நின்றதும் அவளுக்கு முன்னும் பின்னும் இருந்தவர்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டு தள்ளி நின்றார்கள். பேனா? முதுகெலும்பு? சாரி? அவள் எல்லாவற்றையும் மனதுக்குள் சரிபார்த்தாள். வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த கிளார்க் விண்ணப்பத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரும்மா நீ?"

"பொன்னுத்தாய் சார். வடகவுஞ்சி."

"பொன்னுத்தாய் இந்தா இதுல இருக்கு." போட்டோவைத் தட்டினார். "நீ யாரு?"

அப்போதுதான் அவளுக்குப் போட்டோ நினைவு வந்தது. கூடவே, இருநூற்றாறு எலும்பிலும் ஒரு நடுக்கம் வந்தது.

"நான்தான் சார் அது."

"இது சடை. நீ மொட்டை."

சின்னச்சாமி முன்னால் வந்தார். "அய்யா, அது ஒரு பெரிய கதைங்க. இவளுக்கு மூணு வயசு இருக்கும். அந்த வருசம் மழை கொஞ்சம் பிந்திப்போச்சு, பூண்டு வெதைக்கிறதுக்கே..."

"பெரியவரே, ஆள்மாறாட்டம்னா போலீஸுக்குச் சொல்லிருவேன்."

"போலீஸா? எங்க ஊருக்கு ஒருக்க போலீஸ் வந்துச்சுங்க. அது என்னன்னா..."

மணி அடித்தது. ரிப்பன்காரிகள் ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். கடைசிப் பெண்ணின் செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்தது. உள்ளே பெஞ்சுகள் இழுபட்டன, காகிதம் சரசரத்தது. பொன்னுத்தாய்க்குக் கண்முன்னே ஆயக்குடிக் கொய்யாத் தோப்பு முழுக்கக் காய்த்துக் குலுங்கியது. ஒவ்வொரு கொய்யாவும் வாயைத் திறந்து பேசியது.

சத்தம் கேட்டு மேட்ரன் வந்தாள். தலையில் தொப்பி, கையில் கடிகாரம், முகத்தில் எந்தச் செய்தியும் இல்லை. டைஃபாய்டு கண்டவர்களுக்குத் தலையை மழித்துவிடுகிற காலம் அது. மொட்டைத் தலையைப் பார்த்ததும் அவளுக்குத் தோன்றியது வேறு.

"டைஃபாய்டா? எப்ப வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே பொன்னுத்தாயை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். யாரோ வாயில் வெப்பமானியைச் சொருகினார்கள். வாயில் குழாய் இருந்ததால் 'இல்லை' என்று சொல்ல முடியவில்லை. பரீட்சை எழுத வந்தவள் நோயாளியாகிவிட்டாள். எழுந்தால் நோயாளி ஓடுகிறாள் என்பார்கள், உட்கார்ந்தால் நேரம் ஓடுகிறது. மேட்ரன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"டைபாயிடு இல்லைங்கம்மா, நேர்த்திக்கடன்" என்றார் சின்னச்சாமி. "அது எப்படி ஆச்சுன்னா, எங்க அக்கா ஒருத்தி இருக்காள்ல, அவ புருசன் உசுரோட இருந்த காலத்துல..."

"வாயை மூடுங்க" என்றாள் மேட்ரன், கடிகாரத்தைப் பார்த்தபடி.

சின்னச்சாமி வாய் மூடியது.

பொன்னுத்தாய் குழாயை வாயிலிருந்து தானே எடுத்துவிட்டாள். "அம்மா, இதுக்குத்தாங்க வந்தேன்."

"எதுக்கு?"

"இப்ப நீங்க எங்க அய்யாவ வாய மூட வச்சீங்கள்ல, அதைக் கத்துக்கத்தாங்க. மலைக்குப் போயிக் கேளுங்க. யாராலயும் முடியாது."

மேட்ரன் நாடியை எண்ணுவதை விட்டுவிட்டாள். சின்னச்சாமியைப் பார்த்தாள். அவர் சொல்ல வந்ததெல்லாம் கழுத்தில் முட்டிக்கொண்டு நிற்பது வெளியிலிருந்தே தெரிந்தது. மேட்ரன் உள்ளே பார்த்து ஒரு தொப்பி கொண்டுவரச் சொன்னாள். கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பி. அதை மொட்டைத் தலையில் வைத்தாள், சரிந்தது. மறுபடி வைத்தாள், சந்தனத்தில் வழுக்கியது. கடைசியில் ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போட்டோவை வாங்கி முகத்துக்கு நேரே வைத்தாள்.

"மூக்கு இதான். முழி இதான். திருதிருன்னு முழிக்கிறது அச்சா இதான்."

"சடை?" என்றார் கிளார்க்.

"சடைக்கா சார் பரீட்சை வைக்கிறோம்?"

உள்ளே விட்டார்கள். கடைசி பெஞ்சு. தொப்பியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கேள்வித்தாளைப் பார்த்ததும் பொன்னுத்தாய் மேலும் குழம்பினாள். அணை இல்லை, முள்கரண்டி இல்லை, எலும்பும் இல்லை. நாலு கணக்கு, படித்துப் பதில் எழுத ஒரு பத்தி, அதன் கீழே ஒரு கேள்வி: வீட்டில் ஒருவருக்குக் கடுமையான காய்ச்சல் கண்டால் நீ என்ன செய்வாய்?

தன் வீட்டில் என்ன செய்வார்கள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை எழுதலாமா என்றுதான் தெரியவில்லை. 'முதலில் வீட்டில் உள்ளவர்களைப் பேசாமல் இருக்கச் சொல்வேன்' என்று தொடங்கினாள். 'தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுப்பேன். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகச் சொல்வேன். யாராவது நேர்ந்துகொண்டால் என்ன நேர்ந்துகொண்டார்கள் என்று அப்போதே தெளிவாகக் கேட்டுக்கொள்வேன்.' முடித்த பிறகு மாமாவை நினைத்து, தேங்க்யூ என்று எழுதினாள். வாத்தியாரின் உழைப்பு வீணாகக் கூடாது என்று பக்ரா நங்கல் சட்லஜ் நதியில் உள்ளது என்பதையும் ஓரமாகச் சேர்த்துவிட்டாள்.

புறப்படும்போது மேட்ரன் தாழ்வாரத்தில் நிறுத்தினாள். "ஏம்மா, சீட்டு கிடைச்சா ஆனி மாசம் வரணும். வரும்போது தலையில பின் குத்துற அளவாவது முடி இருக்கணும். தொப்பி நிக்காம ஒருத்தியையும் வார்டுக்குள்ள விட மாட்டேன். மறுபடி மொட்டையோட வந்து நின்னே, வந்த பஸ்லயே ஏத்தி அனுப்பிருவேன்." அது கண்டிப்பா, வேடிக்கையா என்று அந்த முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டிப்பு என்றே வைத்துக்கொள்வது நல்லது என்று பொன்னுத்தாய் முடிவு செய்தாள்.

சீட்டு கிடைத்தது. அழகுமலை மூச்சிரைக்க வந்து சொன்னார். மேனர்ஸ்தான் காப்பாற்றியது என்றார் அவர். பொது அறிவு என்றார் வாத்தியார். "போங்கலே, முடி" என்றாள் காளியாயி. எல்லாரும் அவரவர் பாஸானார்கள்.

பொன்னுத்தாய்க்கு அதற்கெல்லாம் நேரமில்லை. அவள் முடி வளர்த்துக்கொண்டிருந்தாள். மாமா கொண்டுவந்த ஒரு கொண்டை ஊசியை வைத்துக்கொண்டு தலையில் தினமும் குத்திப் பார்ப்பாள். முதலில் நிற்கவே இல்லை. பிறகு நிற்கிற மாதிரி நின்று விழுந்தது. விளக்கெண்ணெய் தேய்த்தாள், வெங்காயச் சாறு தேய்த்தாள், பூண்டுக் காட்டில் குனிந்தால் ரத்தம் தலைக்கு ஏறி வளரும் என்று யாரோ சொன்னதை நம்பி எல்லாருடைய காட்டிலும் களை எடுத்தாள். வைகாசிக் கடைசியில் ஒருநாள் ஊசி நின்றது. தலையை ஆட்டினாள், நின்றது. குதித்தாள், நின்றது. வீட்டுக்குள் ஓடி அம்மாவிடம் காட்டினாள்.

முருகம்மாளுக்கு முகம் கறுத்துவிட்டது.

"என்ன ஆத்தா?"

"நீ பரீட்சைக்குப் போன அன்னைக்கு எனக்கு அடுப்படியில இருப்புக்கொள்ளல தாயி. கொல்லையில வந்து பழனியப் பாத்து நின்னேன். நேந்துட்டேன்."

"என்னன்னு?"

"சீட்டு கெடைச்சா மொட்டைன்னு."

"யாருக்கு?"

"ஒனக்குத்தான். வேற யாருக்கு நேர்றது? பழக்கமாயிருச்சு."

"ஏன் ஆத்தா, அன்னைக்கு எந்தலையில முடியே இல்லையே! இல்லாத முடிய நேந்தியா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீ மொட்டை போட்டு நான் பாக்கலையே. சடையோடதான போன" என்றாள் முருகம்மாள். நியாயம்தான். அந்த வீட்டில் எல்லாரும் சொல்வது தனித்தனியாக நியாயமாகத்தான் இருக்கும்.

காளியாயிக்குத் தெரிந்தால் விடமாட்டாள் என்று அம்மாவும் மகளும் மறைக்கத்தான் பார்த்தார்கள். சின்னச்சாமிக்கும் தெரியும் என்பதால் அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிட்டது. "ஒரு பாக்கிக்கே இந்தப் பாடு. இன்னொரு பாக்கியோட படிக்கப் போனா வெளங்குமா?" என்றாள் அத்தை. பொன்னுத்தாய் தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். மொட்டை போட்டால் மேட்ரன் திருப்பி அனுப்புவாள். போடாவிட்டால் முருகன். முருகனாவது வருஷக்கணக்கில் பொறுத்தவர். மேட்ரன் பொறுப்பாளா? பூமுடி கொடுக்கலாமென்றால் மூன்று கத்தை நறுக்கினால் ஊசி நிற்கிற இடம் போய்விடும். எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் ஆயக்குடிப் பாதையே கண்ணில் பட்டது.

சேர வேண்டிய நாளுக்கு முன்தினம் குடும்பமே பழனிக்கு இறங்கியது. தகரப் பெட்டி, போர்வை, ஒரு பூண்டுக் கட்டு. முடிவு எதுவும் எடுக்காமலே மொட்டை மண்டபத்துக்கு வந்து நின்றார்கள். முடியெடுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு, "யாருக்குங்க?" என்றார்.

காளியாயி பொன்னுத்தாயை முன்னால் தள்ளினாள். பொன்னுத்தாய் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, "அய்யா" என்றாள். அவள் அப்பாவைப் பேசச் சொல்லிக் கூப்பிட்டது அநேகமாக அதுதான் முதல் தடவை.

சின்னச்சாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பலகையில் போய் உட்கார்ந்தார்.

"எனக்குத்தான்."

"ஏலே, நீ எதுக்குலே ஒக்கார்ற?"

"அக்கா, ஒருக்கவாவது என்னையப் பேசவிடு. பிள்ளைக்கு மூணு வயசுல காய்ச்சல் வந்தப்ப நான் நேந்தது எந்தலை முடிய. எந்தலை முடியத் தர்றேன், பிள்ளைய விட்டுருன்னுதான் கேட்டேன். அப்படித்தான் நெனைக்கிறேன்."

முருகம்மாள் வாயில் கை வைத்தாள். "ஏங்க, அதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"எங்க சொல்ல? வாயத் தொறந்தேன், இவ செத்துப்போன மாமனச் சாட்சிக்கு இழுத்துட்டா. சரி, அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எனக்கே கொழம்பிப்போச்சு." அவர் முடியெடுப்பவர் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. அப்ப நான் குடுக்க வேண்டிய முடிய எம்மக குடுத்தா. இப்ப அவ குடுக்க வேண்டியத நான் குடுக்கிறேன். நேராப் போச்சா?"

முடியெடுப்பவர் எத்தனையோ கணக்குகளைப் பார்த்தவர். "சாமிக்கு ரெண்டு தலையும் ஒண்ணுதாங்க" என்று தண்ணீரைத் தெளித்தார்.

காளியாயி விரல் விட்டு எண்ணினாள். இந்தக் கையில் ஒரு கடன், அந்தக் கையில் ஒரு கடன், இந்தத் தலை, அந்தத் தலை. எங்கோ இடிக்கிறது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. மறுபடி எண்ணினாள். பொன்னுத்தாய் தலையிலிருந்து கையை மெதுவாக எடுத்து, ஊசி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இருந்தது.

"இனிப் பேசாதீங்க பெரியவரே" என்றார் முடியெடுப்பவர். "கத்தி ஓடுறப்ப வாய் அசைஞ்சா காது போயிரும்."

சின்னச்சாமி வாய் மூடியது. கத்தி உச்சியிலிருந்து இறங்கியது. மண்டபத்தில் புறாக்கள் இறக்கையடிக்கிற சத்தம் கேட்டது. முருகம்மாள் ஆச்சரியத்தோடு அண்ணாந்து பார்த்தாள்.

காளியாயி மூன்றாம் தடவை எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். தம்பியின் முகத்தையே உற்றுப் பார்த்தாள். முறுக்கி விட்ட பெரிய மீசை.

"ஏலே சின்னச்சாமி," என்றாள், "மீசையும் முடிதான. அது யாரு கணக்கு?"

கத்தி காதோரம் இருந்தது. அவரால் பதில் சொல்ல முடியவில்லை.